விபூதி ஏன் பூசணும்? பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் தேடிய ஆறுமுக நாவலரின் கதை

சாமி ஏன் கல்லுல இருக்கு? தினமும் விபூதி ஏன் பூசணும்? கடவுளுக்கு எதுக்குச் சாப்பாடு படைக்கணும்? பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது பல வீடுகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: பெரியவங்க சொன்னா செய்யணும், எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது.

இது இன்டர்நெட் காலத்துச் சிக்கல் என்று நினைத்தால், 180 ஆண்டுகள் பின்னால் போய்ப் பார்க்கணும். 1840களில் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இதே கேள்விகள் எழுந்தன. பெரியவர்கள் பதில் தெரியாமல் திணறினார்கள். அப்போது இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர், பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார். பள்ளிக்கூடம், அச்சகம், பாடநூல் என்று அந்தப் பதிலுக்காகவே மிச்ச வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார். அவர்தான் ஆறுமுக நாவலர்.

அவர் என்ன செய்தார்? எதில் ஜெயித்தார்? எந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஆறுமுக நாவலர்?

1822 டிசம்பர் 18 அன்று யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுகம். அப்பா கந்தப்பிள்ளை, அம்மா சிவகாமி. வீட்டில் கடைக்குட்டி. அப்பா தமிழ் படித்தவர், நாடகங்கள் எழுதியவர். ஆறுமுகத்துக்கு ஒன்பது வயதானபோது அப்பா இறந்துபோனார். அவர் பாதியில் விட்டுப்போன நாடகத்தைச் சின்னப் பையனான ஆறுமுகமே எழுதி முடித்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

அதன்பிறகு அண்ணன்மார்தான் அவரை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். இருபாலை சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகிய இருவரிடமும் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், ஆங்கிலம் படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்போது ஆங்கிலம் வேண்டுமென்றால் மிஷன் பள்ளிதான். அதனால் வெஸ்லியன் மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதன் தொடர்ச்சிதான். அப்போது அந்தப் பள்ளியை நடத்தியவர் பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார். அவரும் தமிழ் மேல் பெரிய ஈடுபாடு உள்ளவர்.

திண்ணையில் தமிழ், மிஷனில் ஆங்கிலம். இந்த இரண்டு உலகத்திலும் ஒரே சமயத்தில் கால் வைத்திருந்ததுதான், பின்னாளில் நாவலர் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் அவ்வளவு கேள்வி?

இதைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணத்தின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். போர்த்துகீசியர் ஆட்சியில் நல்லூர் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் அரசு பதவி போன்ற சலுகைகள். அதனால் வெளியில் கிறிஸ்தவப் பெயர், வீட்டுக்குள் சைவ வழிபாடு என்று பல குடும்பங்கள் வாழ்ந்தன.

பிரிட்டிஷ் ஆட்சி வந்த பிறகு கட்டாயம் போய்விட்டது. கோயில்கள் திரும்ப எழுந்தன. ஆனால் புதிதாக ஒன்று வந்தது: பள்ளிக்கூடம். 1814ல் வெஸ்லியன் மிஷன் இலங்கைக்கு வந்தது. 1816ல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் இறங்கியது. 1823ல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824ல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி என்று வரிசையாகத் திறந்தார்கள். கிராமத்துக்குக் கிராமம் சிறு பள்ளிகளும் வந்தன.

இங்கே படித்தால் வேலை கிடைக்கும். அதனால் சைவக் குடும்பங்களும் பிள்ளைகளை அனுப்பின. மிஷன் பள்ளியில் மதப் பாடம் எப்படி நடக்கும் தெரியுமா? கேள்வி பதில் வடிவில். கடவுள் யார், பாவம் என்றால் என்ன, வேதத்தை யார் தந்தது என்று ஒவ்வொன்றுக்கும் அச்சிட்ட பதில் இருக்கும். பிள்ளை மனப்பாடம் செய்யும். கூடவே துண்டுப் பிரசுரங்களும் கிடைக்கும். சிலை வழிபாடு ஏன் தவறு, புராணக் கதைகள் ஏன் நம்பத்தக்கவை அல்ல என்று அவை வரிசையாகக் காரணம் அடுக்கும்.

அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து அப்புவிடமும் ஆச்சியிடமும் கேட்கும். அவர்களுக்குச் சமயம் தெரியாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் கோயில்தோறும் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் இருந்தது. ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் விளக்குவார். தேவாரம் பாடுவார்கள், விரதம் பிடிப்பார்கள். அதெல்லாம் செய்து பழகிய சமயம். ஏன் என்று கேட்டால் எடுத்துச் சொல்லும் வழக்கம் வீடுகளில் இல்லை. கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம்கூடக் கிடையாது. இருந்ததெல்லாம் ஓலைச்சுவடி. அதிலும் செய்யுள். பத்து வயசுப் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்?

பள்ளியில் அச்சிட்ட பதில். வீட்டில் அதட்டல். இரண்டில் எது அந்தப் பிள்ளையின் மனசில் நிற்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மிஷன் பள்ளியில் நாவலர் கற்றது என்ன?

இருபது வயது வாக்கில் ஆறுமுகம் தான் படித்த மிஷன் பள்ளியிலேயே ஆசிரியர் ஆனார். கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலம், மேல் வகுப்புகளுக்குத் தமிழ். கூடவே பெர்சிவலுக்கு இன்னொரு பெரிய வேலையில் துணையாக இருந்தார். அது பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலை. பல ஆண்டுகள் இருவரும் வரிக்கு வரி உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த மொழிபெயர்ப்பு 1850ல் வெளியானது. வேலை நடந்துகொண்டிருந்தபோது, அதைத் தமிழறிஞர்களிடம் காட்டுவதற்காகப் பெர்சிவலுடன் சென்னைக்கும் போய்வந்தார் ஆறுமுகம்.

இத்தனைக்கும் அவர் மதம் மாறவில்லை. சைவராகவே இருந்தார். பெர்சிவலும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆனால் இந்த ஆண்டுகளில் அவர் மூன்று விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, பைபிளை முழுசாக, ஆழமாகப் படித்தார். இரண்டு, மிஷனரிகள் ஜெயிப்பதற்குக் காரணம் அவர்கள் கொள்கை மட்டும் அல்ல, அவர்கள் கையாண்ட முறையும்தான் என்று புரிந்துகொண்டார். வகுப்புவாரியாகப் பாடம், எளிய வசனநடை, அச்சு, வாராவாரம் பிரசங்கம். மூன்று, இந்த முறைகள் எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் சொந்தம் இல்லை. சைவமும் பயன்படுத்தலாம்.

வெள்ளிக்கிழமை மாலை, வைத்தீசுவரன் கோயில்

முதல் அடி பெரியவர்களை நோக்கி வைத்தார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவரது பிரசங்கம் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் தொடர்ந்தது. மிஷன் பள்ளி நண்பரான கார்த்திகேய ஐயரும் அவருடன் சேர்ந்து பேசினார்.

கோயிலில் புராணம் படிப்பது பழசு. ஆனால் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, செய்யுளைத் தாண்டி, நேரடியான வசனத்தில் ஒருவர் நின்று பேசுவது யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்குப் புதுசு. கிறிஸ்தவ தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பிரசங்கத்தின் அமைப்பு அப்படியே கோயில் மண்டபத்துக்கு வந்தது. சிவலிங்க வழிபாட்டின் பொருள், கடவுள் ஒருவரே என்ற கொள்கை, கொல்லாமை, கள் குடிப்பதன் கேடு, தானம் என்று தலைப்புகள் போயின.

வெளியே பிரசுரங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு உள்ளே பதில் வரத் தொடங்கியது. கேட்டுவிட்டுப் போன அப்பாமார் வீட்டில் பிள்ளைக்கு ஏதோ ஒன்றைச் சொல்ல முடிந்தது.

வேலையை விட்டார், பள்ளி தொடங்கினார்

பகலில் மிஷன் பள்ளியில் வேலை, வெள்ளிக்கிழமை கோயிலில் சைவப் பிரசங்கம். இது ரொம்ப நாள் ஓடாது என்று அவருக்கே தெரியும். 1848ல் மிஷன் வேலையை விட்டார். பெர்சிவல் சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லியும் அவர் இருக்கவில்லை என்பது அவரது வரலாற்றை எழுதியவர்கள் தரும் செய்தி.

இது சின்ன முடிவு இல்லை. கையில் சொத்து இல்லை. ஆங்கிலம் தெரிந்தவருக்கு அரசு வேலை காத்திருந்த காலம். அதற்கும் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதே 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார். அவரிடம் வீட்டில் படித்த மாணவர்களே அங்கே ஆசிரியர்கள் ஆனார்கள்.

மிஷன் பள்ளியின் எல்லா நல்ல அம்சமும் இங்கே இருந்தது. வயதுக்கேற்ற வகுப்பு, நேர ஒழுங்கு, அச்சிட்ட பாடம். கணக்கு, பூகோளம், இலக்கணம் எல்லாம் உண்டு. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: சமயப் பாடம் சைவம்.

ஆனா, ஒரு பெரிய தடை இருந்தது. சைவப் பாடத்துக்குப் புத்தகமே இல்லை.

அச்சு இயந்திரம் தேடிப் போன பயணம்

1849ல் அச்சு இயந்திரம் வாங்குவதற்காக மாணவர் சதாசிவப் பிள்ளையுடன் தமிழகத்துக்குப் புறப்பட்டார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கினார். அங்கே அவர் நிகழ்த்திய பிரசங்கத்தைக் கேட்ட ஆதீனத் தலைவர் அவருக்குக் கொடுத்த பட்டம்தான் நாவலர். பேச்சில் வல்லவர் என்று பொருள். அன்று முதல் ஆறுமுகம், ஆறுமுக நாவலர் ஆனார்.

சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய அச்சகத்துக்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயர். பின்னால் சென்னையிலும் அச்சு வேலைகளைத் தொடர்ந்தார். திருக்குறள் பரிமேலழகர் உரையை 1860ல் பதிப்பித்தது உட்பட, அவரது பதிப்புப் பணி தமிழ் இலக்கிய உலகத்தில் தனி அத்தியாயம்.

ஆனால் அந்த இயந்திரத்தை அவர் முதலில் வாங்க நினைத்தது பள்ளிப் பிள்ளைகளுக்காக.

பாலபாடத்தில் என்ன இருந்தது?

1850, 1851 ஆண்டுகளில் பாலபாடம் என்ற பாடநூல் வரிசையின் முதல் இரண்டு புத்தகங்கள் வெளியாகின. முதல் புத்தகம் எழுத்தில் தொடங்கி, சொல், சின்னச் சின்ன வாக்கியம் என்று போகும். இரண்டாம் புத்தகம் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு. அதில் கடவுள், ஆன்மா, வழிபாடு, கடவுளின் அருள் ஆகியவை பற்றிச் சிறு கட்டுரைகள் இருந்தன. கூடவே கொலை, புலால் உண்ணல், கள் குடித்தல், களவு, பொய், பொறாமை, கோபம், சூது என்று தவிர்க்க வேண்டியவை பற்றியும் இருந்தன. பின்னர் இந்த வரிசை இன்னும் மேல் வகுப்புக்கான புத்தகங்களோடு விரிந்தது.

இதில் புதுமை எங்கே? மொழியில். அதுவரை சமய விஷயம் என்றால் செய்யுள், அல்லது செய்யுளைவிடக் கடினமான உரை. நாவலர் வாக்கியத்தைச் சுருக்கினார். ஒட்டிக்கிடக்கும் சொற்களை வாசிக்க வசதியாகப் பிரித்தார். ஆங்கில நூல்களைப் பார்த்துப் பழகிய காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் போட்டார். வாசிக்கும் பிள்ளை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது பக்கத்திலேயே தெரிந்தது.

1852ல் பெரியபுராணத்தை முழுசாக வசனத்தில் எழுதி வெளியிட்டார். சேக்கிழார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பாடிய 63 நாயன்மார் கதைகள், இப்போது வாசிக்கத் தெரிந்த யாருக்கும் கிடைத்தன. பைபிளில் உள்ள கதைகளைப் பிள்ளைகள் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஊரில், கண்ணப்பர் கதையும் காரைக்கால் அம்மையார் கதையும் அதேபோல் புத்தகமாகக் கையில் வந்தன.

கேள்விக்குக் கேள்வியாலேயே பதில்

1854ல் வெளியான சைவதூஷண பரிகாரம் இன்னொரு வகை நூல். இது சின்னப் பிள்ளைகளுக்கானது அல்ல. மிஷன் பள்ளியில் படித்து, விவாதத்தில் மாட்டிக்கொள்ளும் விடலைப் பருவத்துப் பையன்களுக்கும் இளைஞர்களுக்கும் ரொம்ப உதவியது.

அதன் தர்க்கம் இப்படிப் போகும். கோயில், பூசாரி, விளக்கு, தூபம், படையல், தூய்மை விதி எல்லாம் மூடத்தனம் என்கிறீர்களா? பைபிளின் பழைய ஏற்பாட்டைத் திறந்து பாருங்கள். எருசலேம் ஆலயத்தில் நடந்த வழிபாட்டிலும் இவையெல்லாம் இருந்தன. அது சரி என்றால் இது எப்படித் தவறாகும்?

பைபிளை வரிக்கு வரி தமிழாக்கிய ஒருவர் இதை எழுதும்போது எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமே இல்லை. எதிர்த்தரப்பில் இருந்த மிஷனரிகளே அவருடைய பைபிள் அறிவைக் கண்டு வியந்தார்கள்.

இந்த உத்தியில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நீயும் அதைத்தானே செய்கிறாய் என்பது எதிராளியின் வாயை அடைக்கும். ஆனால் இதை ஏன் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே கேட்கும் சொந்தப் பிள்ளைக்கு அது முழுப் பதில் ஆகாது. நாவலர் அதையும் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. சைவத்தின் உள்ளிருந்தே விளக்கம் தரும் நூலையும் எழுதினார்.

சைவ வினாவிடை

அதுதான் சைவ வினாவிடை. இரண்டு புத்தகங்கள். மிஷன் பள்ளியில் பார்த்த அதே கேள்வி பதில் வடிவம். உலகத்தைப் படைத்தவர் யார் என்ற இடத்தில் தொடங்கி, புண்ணியம், பாவம், விபூதி, ஐந்தெழுத்து மந்திரம், அன்றாடக் கடமைகள், கோயிலில் எப்படி வழிபட வேண்டும், தேவாரம் திருவாசகத்தின் பெருமை என்று படிப்படியாகப் போகும்.

விபூதியை எந்தத் திசை பார்த்துப் பூச வேண்டும், கோயிலை எப்படிச் சுற்ற வேண்டும், உள்ளே என்னென்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அதில் வரும். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்த விஷயத்துக்கு, பிள்ளை கையில் பிடித்து வாசிக்கக்கூடிய ஒரே பதில் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பல தலைமுறைப் பிள்ளைகள் சைவத்தை முதலில் படித்தது இந்தப் புத்தகத்தில்தான். இன்றும் மறுபதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

அடி வாங்கியது பெரியவர்களும்தான்

பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புலம்பும் பெரியவர்களை நாவலர் சும்மா விடவில்லை. யாழ்ப்பாணச் சமயநிலை என்ற பிரசுரத்தில் சொந்த ஊர்ச் சைவர்களையே கடுமையாகச் சாடினார். சமயம் தெரியாத குருமார், கணக்குக் காட்டாத கோயில் நிர்வாகிகள், திருவிழா என்ற பெயரில் கூத்தும் வாணவேடிக்கையும், பிள்ளைகளுக்கு எதையும் சொல்லித் தராத பெற்றோர் எல்லோரும் அவரது பேனாவில் மாட்டினார்கள்.

தன் சொந்த ஊரான நல்லூரின் கந்தசுவாமி கோயிலில் வழிபாடு ஆகம முறைப்படி நடக்கவில்லை என்று நேரடியாக எழுதினார். சிதம்பரத்திலும் 1864ல் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார், அங்கே தீட்சிதர்களோடும் மோதல் வந்தது.

பெரியவர்கள் அரைகுறையாக வைத்திருக்கும் சமயத்தைப் பிள்ளைகள் மட்டும் முழுசாக நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இதுதான் அவர் நிலைப்பாட்டின் சாரம்.

பணத்துக்கு என்ன வழி?

பள்ளி நடத்துவது சும்மா இல்லை. மிஷன் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைத்துக்கொண்டிருந்தது. நாவலரின் பள்ளி பல ஆண்டுகள் நன்கொடையில்தான் ஓடியது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்து, ஆதரவு திரட்டி, புத்தகம் விற்று நடத்தினார்.

1872ல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலம் சொல்லித்தரும் சைவப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். ஆங்கிலத்துக்காகத்தானே பிள்ளைகள் மிஷனுக்குப் போகிறார்கள், அதை நாமே கொடுத்தால் என்ன என்ற எண்ணம். ஆனால் பணம் போதவில்லை. சில ஆண்டுகளிலேயே அதை மூட வேண்டியதாயிற்று. புத்தகத்தில் ஜெயித்தவர் இந்த இடத்தில் தோற்றார்.

1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது, கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவு கொடுத்தார். 1879ல் சட்டசபைத் தமிழ்ப் பிரதிநிதி இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்துப் பேசினார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று காலமானார். வயது 56.

புத்தகத்தில் இல்லாத கேள்வி

இதுவரை சொன்னது ஒரு பாதி. இன்னொரு பாதியையும் பார்க்காவிட்டால் நாவலரைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது.

வினாவிடைப் புத்தகத்தில் பதிலை மட்டும் இல்லை, கேள்வியையும் ஆசிரியரேதான் எழுதுகிறார். எந்தக் கேள்வி கேட்கலாம் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். நாவலர் எழுதாத கேள்விகள் சில உண்டு.

அதில் முதலாவது சாதி. வருணாசிரம ஒழுங்கை நாவலர் ஏற்றுக்கொண்டவர். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அவரது பள்ளிகள் திறக்கவில்லை. கடவுள் எல்லா உயிருக்கும் பொது என்றால் நான் மட்டும் ஏன் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டும்? இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. நாவலரைக் கடுமையாக விமர்சிப்பவர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

இரண்டாவது, பெண்பிள்ளைகள். உடுவிலில் மிஷனரிகள் 1824லேயே பெண்களுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். நாவலரின் கல்வி முயற்சிகளின் மையத்தில் இருந்தவர்கள் ஆண்பிள்ளைகள்தான்.

மூன்றாவது, சைவத்துக்குள்ளேயே எழுந்த புதுக் குரல். வடலூர் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்று அழைப்பதை நாவலர் ஏற்கவில்லை. தேவாரம், திருவாசகம் போன்ற நூல்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்றார். அருட்பா மருட்பா என்று பெயர்பெற்ற அந்தச் சண்டை பிரசுரங்களில் தொடங்கி மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. சாதி, சமய வேறுபாடுகளை மறுத்த வள்ளலாரின் பாதை அன்றைய இளைஞர்கள் பலரை ஈர்த்தது. வெளியில் இருந்து வந்த கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் தயாரித்த நாவலர், உள்ளே இருந்து வந்த இந்தக் குரலிடம் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

கேட்காமல் விட்ட கேள்விகள் காணாமல் போய்விடவில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்ற நிலை 1930 வாக்கில் வந்தபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு கிளம்பியது. 1968ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராட்டம் நடத்தினார்கள். பாடநூலில் இடம் கிடைக்காத கேள்வி, 100 ஆண்டுகள் கழித்துக் கோயில் வாசலில் வந்து நின்றது.

நாவலருக்குப் பிறகு என்ன நடந்தது?

அவர் தொடங்கியது அவரோடு நிற்கவில்லை. 1888ல் யாழ்ப்பாணத்தில் சைவ பரிபாலன சபை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் இந்து சாதனம் பத்திரிகை வந்தது. 1890ல் அந்தச் சபையின் பொறுப்பில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவானது. ஆங்கிலமும் சைவமும் ஒரே கூரையின் கீழ் என்று நாவலர் முயன்று தோற்ற கனவு, அவர் இறந்து 11 ஆண்டுகளில் நிஜமானது.

அவர் ஆதரித்த பொன்னம்பலம் இராமநாதன், 1913ல் சைவப் பெண்பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். நாவலர் விட்ட ஓர் இடைவெளியை அவர் வழியில் வந்தவரே நிரப்பினார்.

இன்றும் இலங்கைப் பள்ளிகளில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைகளுக்கு வகுப்புவாரியாகத் தனிப் பாடநூல் இருக்கிறது. கார்த்திகை மாதம் மக நட்சத்திரத்தில் நாவலர் குருபூசை நடக்கிறது. 1971ல் இலங்கை அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்றைய பெற்றோருக்கு இதில் என்ன இருக்கிறது?

நாவலரின் மதக் கொள்கையை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அவர் வாழ்க்கையில் இருந்து சில விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கேள்வி கேட்கும் பிள்ளையை அவர் எதிரியாகப் பார்க்கவில்லை. பதில் இல்லாத வீட்டைத்தான் பிரச்சினையாகப் பார்த்தார். இன்று யூடியூபும் ரீல்ஸும் பிள்ளைகளுக்கு ஆயிரம் கேள்வி கொடுக்கின்றன. போனைப் பிடுங்குவதால் கேள்வி போய்விடாது.

இரண்டாவது, பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பெரியவர் படிக்க வேண்டும். தன் சமயத்தை மட்டும் இல்லை, எதிர்த்தரப்பையும். நாவலர் பைபிளைத் திட்டுவதற்கு முன்னால் அதை முழுசாகப் படித்தார். சொல்லப்போனால், மொழிபெயர்க்கவே உதவினார்.

மூன்றாவது, பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். செய்யுளை மனப்பாடம் செய்ய வைப்பதற்கும் அதன் பொருளைச் சொல்லித் தருவதற்கும் உள்ள தூரத்தை அவர் காற்புள்ளி போட்டுக் குறைத்தார்.

நான்காவது பாடம் அவர் சறுக்கிய இடத்தில் இருக்கிறது. பெரியவர்கள் எதிர்பார்க்கும் கேள்விக்குப் பதில் வைத்திருப்பது சுலபம். விபூதியை எப்படிப் பூச வேண்டும் என்று பிள்ளை கேட்டால் சொல்லிவிடலாம். பக்கத்துத் தெரு நண்பன் ஏன் நம் கோயிலுக்குள் வரக் கூடாது, மாதவிடாய் நாளில் அக்கா ஏன் பூஜை அறைக்கு வெளியே நிற்கிறாள் என்று கேட்டால்? அந்த நேரத்தில் அச்சிட்ட பதிலைத் தேடுவதைவிட, கேள்வி நியாயமானதுதான் என்று ஒப்புக்கொண்டு பிள்ளையோடு சேர்ந்து யோசிப்பது நல்லது. அப்படிக் கேட்ட பிள்ளைதான் சமயத்தை உண்மையிலேயே கவனித்திருக்கிறது.